பழைய வீடும் காணாமற்போன எர்த்தும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, மேற்கு மாம்பலம், ஜார்ஜ் டவுன் போன்ற பகுதிகளில் நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட வீடுகளில் குடியிருப்பவர்களையும், அத்தகைய வீடுகளை வாடகைக்கு விட்டிருப்பவர்களையும் மனத்தில் கொண்டே இன்று பேச விரும்புகிறேன். வெள்ளையடிப்பதற்கும் தரையை மாற்றுவதற்கும் தாராளமாகச் செலவு செய்கிற நாம், சுவரில் ஓடும் ஒயரைப் பற்றி, அது கருகி நாற்றம் வரும்வரை நினைப்பதே இல்லை. மின் பொறியாளராக வேலை பார்த்த எனக்கு இது நெடுநாளைய கவலை.

பழைய வீடுகளின் ஒயரிங் எல்லாம் ஒரே வகையன்று. மிகப் பழைய வீடுகளில் தேக்கு ரீப்பரின் மேல் கிளிப் அடித்து ரப்பர் உறையிட்ட ஒயரை ஓட்டியிருப்பார்கள். அந்த ரப்பர் வெப்பத்தாலும் காற்றாலும் இறுகி, உயிரற்றுப் போகும். மெயினை நிறுத்திவிட்டு, அத்தகைய வீட்டில் ஒரு சுவிட்ச் போர்டைக் கழற்றி, ஒயரை விரலால் இலேசாக வளைத்தாலே ரப்பர் பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி வெளியே தெரியும். யாரும் தொடாதவரை அது அப்படியே இருக்கும். புது ஃபேன் ரெகுலேட்டர் மாட்டுவதற்காக ஒருவர் போர்டைத் திறந்து மூடிய பிறகுதான் தொல்லை தொடங்கும். பின்னால் வந்த வீடுகள் பலவற்றில் அலுமினிய ஒயரைப் போட்டார்கள். அலுமினியம் திருகின் அழுத்தத்தில் நாளடைவில் நசுங்கி இணைப்பைத் தளர்த்திவிடும். தளர்ந்த இணைப்பு சூடாகும், சூடானது மேலும் தளரும். பிளக் பாயிண்டைச் சுற்றிப் பழுப்பேறியிருந்தால் காரணம் பெரும்பாலும் இதுவே.

அந்த ஒயர்கள் சில விளக்குகளுக்கும், ஓரிரு மின்விசிறிகளுக்கும், ஒரு வானொலிப் பெட்டிக்கும் போட்டவை. இன்று 2,000 வாட் வாட்டர் ஹீட்டர் ஒன்றே ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கிறது. அதனுடன் ஏசியும் இண்டக்‌ஷன் அடுப்பும் சேர்கின்றன. ஒரே ஒயரில் மின்னோட்டம் இரு மடங்கானால் அதில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும் என்பதை நினைவில் வையுங்கள். ப்யூஸ் அடிக்கடி போகிறது என்று பீங்கான் கேரியரில் தடித்த செம்புக் கம்பியை முறுக்கிக் கட்டுவதும், ஓட்டம் அளவு மீறினால் தானே விழுந்து மின்சாரத்தை நிறுத்தும் 16 ஆம்பியர் எம்.சி.பி. சுவிட்ச் விழுகிறது என்று அதை எடுத்துவிட்டு 32 ஆம்பியர் எம்.சி.பி. மாட்டுவதும் ஒரே தவறுதான். எம்.சி.பி.யின் அளவைத் தீர்மானிக்க வேண்டியது சுவருக்குள் இருக்கும் ஒயரின் தடிமன். நாம் வாங்கி வைக்கும் ஏசியன்று.

இவை ஓரளவு பலருக்கும் தெரிந்தவை. நான் மிகவும் அஞ்சுவது எர்த்தைப் பற்றித்தான். கருவிகளில் கசியும் மின்சாரத்தைப் பூமிக்குள் கொண்டுபோய் விடும் ஒயரே எர்த். பழைய வீடுகள் பலவற்றில் எர்த் ஒயரைத் தனியாகப் பூமியில் இறக்காமல், தண்ணீர் வரும் இரும்புக் குழாயில் சுற்றிவிட்டிருப்பார்கள். அன்று அந்தக் குழாய் மண்ணுக்குள் நெடுந்தூரம் ஓடியதால் ஒருவாறு வேலை செய்தது. பிறகு குழாய் துருப்பிடித்ததென்று பிளம்பர் வந்து பி.வி.சி. குழாய் போட்டுவிட்டுப் போனார். அன்றைக்கே வீட்டின் எர்த் போய்விட்டது. விளக்கு எரிந்தது, ஃபேன் ஓடியது, ஆகவே ஒருவருக்கும் தெரியவில்லை. இப்படிப்பட்ட வீட்டில் வாஷிங் மெஷினில் மின்கசிவு ஏற்பட்டால், அந்த மின்சாரம் ஈரக் காலுடன் அதைத் தொடுபவரின் உடல்வழியேதான் பூமிக்குப் போகும். வாட்டர் ஹீட்டர் போட்டால் குழாயில் சுருக்கென்று ஷாக் அடிக்கிறது என்று சொல்லிச் சொல்லியே பழகிப்போன குடும்பங்கள் உண்டு. அதைப் பொறுத்துக்கொள்ளாதீர்கள், அன்றே அதை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனை அழையுங்கள். எர்த்துக்குரிய மூன்றாவது பின்னை, மின்சாரம் திரும்பிப் போகும் ஒயரான நியூட்ரலோடு இணைத்துத் தருகிறேன் என்று அவர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், ஏனெனில் நியூட்ரல் எங்கேனும் அறுந்தால் மெஷினின் உடம்பு முழுவதும் 230 வோல்ட் ஏறி நிற்கும்.

எர்த் இருக்கிறதா என்று பார்க்க, மின்சாரம் வரும் ஒயரான ஃபேசுக்கும் எர்த்துக்கும் இடையே குண்டு பல்பை வைத்துப் பார்ப்பது ஒயர்மேன்களின் பழைய வழக்கம். பல்பு எரிந்துவிட்டால் எர்த் நன்றாயிருக்கிறது என்று திருப்தியடைந்துவிடுகிறார்கள். 100 வாட் பல்புக்கு அரை ஆம்பியர்கூடத் தேவையில்லை, ஆகவே எர்த் மோசமாக இருந்தாலும் அது எரிந்துவிடும். எர்த்தின் தடை 10 ஓம் என்று வைத்துக்கொண்டால், முழுக் கசிவிலும் 23 ஆம்பியருக்கு மேல் பாயாது. அந்த அளவுக்கு 16 ஆம்பியர் எம்.சி.பி. விழ ஒரு மணி நேரம் ஆனாலும் வியப்பதற்கில்லை. ஆகவே எம்.சி.பி. ஒயரைத்தான் காக்கும். ஆளைக் காப்பதற்கு ஆர்.சி.சி.பி. என்னும் கருவி வேண்டும். போகும் மின்னோட்டத்துக்கும் திரும்பி வருவதற்கும் 30 மில்லியாம்பியர் வித்தியாசம் வந்தாலே அது கண்ணிமைக்கும் நேரத்தில் மின்சாரத்தைத் துண்டித்துவிடும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய வீட்டில் ஆர்.சி.சி.பி. மாட்டியவுடன் அது அடிக்கடி விழும். வடகிழக்குப் பருவமழையில் சுவர் ஓதம் ஏறினால் நிற்கவே நிற்காது. "இந்த வீட்டுக்கு இது ஒத்துவராதுங்க சார்" என்று எலக்ட்ரீஷியன் அதைக் கழற்றி நேராக இணைத்துவிட்டுப் போவார். உண்மையில் அந்தக் கருவி, உங்கள் சுவருக்குள் கசிவு இருப்பதையோ, இரண்டு லைன்களின் நியூட்ரல் கலந்திருப்பதையோ உங்களுக்குக் காட்டித் தந்திருக்கிறது. ஒயர் உறையின் தடையை அளக்கும் 500 வோல்ட் மெகர் கொண்டு ஒவ்வொரு லைனாகச் சோதிக்கச் சொல்லுங்கள்; ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டும் லைனைத் தயங்காமல் மாற்றிவிடுங்கள்.

வீடு முழுவதையும் ஒரே மூச்சில் உடைக்கப் பணம் இல்லாதவர்கள், முதலில் பூமியில் முறையாக ஓர் எர்த் இறக்கி, ஆர்.சி.சி.பி. மாட்டி, சமையலறைக்கும் குளியலறைக்கும் ஏசிக்கும் மட்டும் மெயினிலிருந்து தனித்தனியே புதுச் செம்பு ஒயரை எர்த் ஒயருடன் இழுக்கலாம். பி.வி.சி. கேசிங் வைத்துச் சுவரின் மேலேயே ஓட்டினால் உடைக்கவும் வேண்டாம். வேலையை உரிமம் பெற்றவரிடம் கொடுங்கள். வாடகை வீட்டில் இந்தச் செலவு வீட்டுக்காரருடையது என்பதே என் கருத்து. குடியிருப்பவர் ஷாக் அடிக்கிறது என்று சொன்னால், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவது நியாயமன்று. ஏற்கெனவே ஆர்.சி.சி.பி. உள்ளவர்கள், அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் விழாத கருவியை அன்றே மாற்றிவிடுங்கள். வணக்கம்.