இதற்கு முன் என்ன அரைத்தீர்கள்?

நேயர்களுக்கு என் அன்பு வணக்கம்.

அடுப்படியில் நின்றுகொண்டோ, கடையில் உட்கார்ந்தோ, பேருந்தில் போய்க்கொண்டோ இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். கை வேலையை நிறுத்த வேண்டாம். கை ஒரு வேலையைச் செய்யும்போது மனம் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். நம் எண்ணங்கள் நம் குணத்தை எப்படி உண்டாக்குகின்றன? வேதம் அதைப் பற்றி என்ன சொல்கிறது? ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து என்னை விடாமல் பிடித்திருக்கும் கேள்வி இது.

ஒரு மாவு மில்லில் தொடங்குகிறேன்.

நான் சிறுமியாக இருந்தபோது சனிக்கிழமை தோறும் மில்லுக்குப் போவது என் வேலை. அம்மா பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, நிழலில் உலர்த்தி ஒரு தூக்குவாளியில் கொட்டித் தருவார்கள். கிளம்பும்போது ஒவ்வொரு வாரமும் ஒரே வாக்கியம்தான்: "அண்ணாச்சியிடம் இதற்கு முன்னால் என்ன அரைத்தீர்கள் என்று கேள். மிளகாய் என்றால் கொடுக்காதே, காத்திரு."

ஒரு சனிக்கிழமை நான் கேட்கவில்லை. வழியில் ஒரு தோழியோடு பேசிக்கொண்டே போனேன். மில் ஓடிக்கொண்டிருந்தது. பெல்ட் சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது, உங்களுக்குத் தெரியும். அண்ணாச்சி வாளியை வாங்கி மேலே கொட்டினார், பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டினார், கீழே துணிக்குழாய் வழியாக வெள்ளை வெளேரென்று மாவு இறங்கியது. சூடாக இருந்தது. மேலே தூக்கிப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை.

மறுநாள் காலை ஆராதனைக்குப் போகுமுன் அம்மா புட்டு அவித்தார்கள். அப்பா முதல் வாய் எடுத்தவர் இருமத் தொடங்கி, கண்ணில் நீர் வந்து, தண்ணீர்ச் செம்பைத் தேடினார். தேங்காய்ப்பூவும் சீனியும் போட்ட புட்டில் மிளகாய்க் காட்டம்! எனக்கு முன்னால் யாரோ இரண்டு கிலோ வற்றல் அரைத்துப் போயிருக்கிறார்கள். மாவின் வெள்ளை நிறத்தில் அது தெரியவில்லை. நாக்கில் தெரிந்தது.

அடுத்த வாரம் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு மில்லுக்கு வந்தார்கள். சண்டை போடுவார்கள் என்று நினைத்தேன், போடவில்லை. அன்றும் மிளகாய் அரைத்து முடித்திருந்தார்கள். அம்மா எங்கள் அரிசியிலிருந்து இரண்டு கை அள்ளிக் கொடுத்து, "இதைப் போட்டு ஓட்டிவிடுங்கள் அண்ணாச்சி" என்றார்கள். அந்த அரிசி சிவப்பேறிய மாவாக வந்தது. இன்னும் ஒரு கை. அது கொஞ்சம் வெளுத்தது. அப்புறம்தான் எங்கள் அரிசியைப் போட விட்டார்கள். அரைக்கும் கல்லைத் தண்ணீர் ஊற்றிக் கழுவ முடியாது, நேயர்களே. நல்ல அரிசியைப் போட்டு ஓட்டித்தான் எடுக்க வேண்டும். இதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பவும் இதற்கு வருவேன்.

பல வருடங்கள் கழித்து, பழைய கிறிஸ்தவத் துறவிகளைப் பற்றிப் படித்தபோது அந்த மில்லை மறுபடியும் பார்த்தேன். நாலாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகள். எகிப்தில் ஸ்கேத்திஸ் என்று ஒரு பாலைவனம். இப்போது அந்த இடத்தை வாதி நத்ரூன் என்கிறார்கள், எகிப்தியக் கிறிஸ்தவர்களான காப்டிக் சபையாரின் மடங்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. அங்கே மோசே என்ற பெரியவரைத் தேடி காசியான், ஜெர்மானுஸ் என்று இரண்டு நண்பர்கள் போனார்கள். ஜெர்மானுஸ் கேட்ட கேள்வி நாம் எல்லோரும் கேட்பதுதான். ஜெபத்தில் உட்கார்ந்தாலும் வேண்டாத எண்ணங்கள் வந்து விழுகின்றனவே, விரட்டினாலும் போவதில்லையே, ஏன்?

மோசே சொன்ன பதில் எனக்கு மிகவும் பிரியமானது. மனம் தண்ணீர் வேகத்தில் சுற்றும் எந்திரக்கல் மாதிரி. தண்ணீர் பாயும் வரை அது சுற்றிக்கொண்டுதான் இருக்கும், நிறுத்த முடியாது. ஆனால் கோதுமையை அரைப்பதா, வாற்கோதுமையை அரைப்பதா, களைவிதையை அரைப்பதா என்பது மில்காரன் கையில் இருக்கிறது. ஆயிரத்து அறுநூறு வருடங்களுக்கு முன்னால் சொன்னது! காசியான் பிற்பாடு இன்றைய பிரான்சிலுள்ள மர்சேய் பட்டணத்தில் மடங்களை ஏற்படுத்தினார், இதை எழுதியும் வைத்தார். அவர் எழுதி வைக்காமல் விட்டிருந்தால் இது எனக்கு வந்து சேர்ந்திருக்காது.

இதில் முதல் ஆறுதல் என்ன? எண்ணம் வருவது நம் குற்றம் இல்லை. இதைத் திரும்பவும் சொல்கிறேன், ஏனென்றால் நம் சபைகளில் நல்ல மனிதர்கள் பலர் இதில் தவித்துப்போகிறார்கள். ஒரு கெட்ட நினைப்பு ஓடிவிட்டால் உடனே 'நான் விசுவாசியா' என்று நொந்துகொள்கிறார்கள். அதே பாலைவனத்தில் போமென் என்று ஒரு துறவி. ஒரு தம்பி வந்து, "எனக்கு எண்ணங்கள் மிகுதி, ஆபத்தில் இருக்கிறேன்" என்றான். போமென் அவனை வெளியே கூட்டிப்போய், மேலாடையை விரித்துக் காற்றைப் பிடித்து வை என்றார். "அது என்னால் முடியாதே" என்றான். காற்றைப் பிடிக்க முடியாதது போலவே எண்ணம் வருவதையும் தடுக்க முடியாது, அதற்கு இடம் கொடுக்காமல் நிற்பதுதான் உன் வேலை என்று சொல்லி அனுப்பினார்.

அந்தக் காலத்திலேயே இதை மிக நுட்பமாகக் கவனித்தவர் ஒருவர் உண்டு, எவாகிரியுஸ். கல்விமான், கான்ஸ்டான்டினோபிளில் திருச்சபைப் பொறுப்பில் இருந்தவர். எல்லாவற்றையும் விட்டு எகிப்துக்குப் போய், 399-இல் அங்கேயே மரித்தார். மனிதனை வீழ்த்துகிறவை எட்டு என்று அவர் வரிசைப்படுத்தினார்: போஜனப்பிரியம், இச்சை, பொருளாசை, துக்கம், கோபம், சோர்வு, வீண்புகழ், பெருமை. இவற்றுக்கு அவர் கொடுத்த பெயர்தான் முக்கியம். பாவங்கள் என்று அவர் சொல்லவில்லை. எண்ணங்கள் என்றார், கிரேக்கத்தில் 'லோகிஸ்மோய்'. இரண்டு நூற்றாண்டு கழித்து ரோமாபுரியின் போப்பாக இருந்த பெரிய கிரகோரி இதைத் திருத்தி ஏழாக்கினார். அதுதான் பிற்பாடு ஏழு தலையான பாவங்கள் என்று நமக்கு வந்தது. அதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பாவம் என்று பெயர் வைத்ததும், செய்த பிறகு யோசிக்கிற விஷயமாக அது ஆகிவிடுகிறது. எவாகிரியுஸ் வாசலிலேயே நின்று பார்த்தவர். எண்ணம் வருவது நம் கையில் இல்லை, அது தங்குவதும் தங்காததும் நம் கையில் இருக்கிறது என்றார்.

சரி, வேதத்துக்கு வருவோம். நீதிமொழிகள் 23-ஆம் அதிகாரம் 7-ஆம் வசனம், "அவன் இருதயத்தின் நினைவு எப்படியோ, அப்படியே அவனும் இருக்கிறான்." எல்லோருக்கும் தெரிந்த வசனம். இதை வைத்து 'பணக்காரன் என்று நினை, பணக்காரன் ஆவாய்' என்று போதிப்பதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. முந்தின வசனத்தையும் சேர்த்துப் படியுங்கள். வன்கண்ணன், அதாவது கொடுக்க மனமில்லாதவன் ஒருவன், விருந்து வைக்கிறான். "சாப்பிடுங்கள், குடியுங்கள்" என்கிறது வாய். உள்ளே நீங்கள் எத்தனை துண்டு மீன் எடுத்தீர்கள் என்று எண்ணுகிறான். அந்த வசனத்தில் 'நினைவு' என்று வருகிற இடத்தில் எபிரெயச் சொல்லுக்குக் கணக்கிடுதல் என்று பொருள். இப்படிப்பட்ட வீட்டில் நாமும் சாப்பிட்டிருக்கிறோம். குழம்பை ஊற்றும் கை தாராளமாகத்தான் வரும், ஆனால் முகத்தைப் பார்த்தால் சோறு இறங்காது. அந்த மனிதன் ஒரே நாளில் அப்படி ஆகவில்லை. ஒவ்வொரு பந்தியிலும் எண்ணி எண்ணிப் பழகி, அந்தக் கணக்கே அவன் முகமாகிவிட்டது.

நானும் ஒரு கணக்கை வைத்திருந்தேன். அதைச் சொல்லிவிடுகிறேன்.

அப்பா இறந்தபோது நான் வேறு ஊரில் வேலையில் இருந்தேன். கடைசி ஒன்றரை வருடம் வெள்ளி இரவு பேருந்து ஏறி, ஞாயிறு இரவு திரும்புவேன். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது, உறவில் ஒரு அத்தை, எல்லோர் காதிலும் விழும்படி, "மகள் இருந்தும் இல்லாத மாதிரிதானே கிடந்தார்" என்றார்கள். நான் பதில் சொல்லவில்லை. கையில் காப்பித் தம்ளர் இருந்தது, அதைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனேன்.

அன்று சொல்லாத பதிலைப் பதினொரு வருடம் சொன்னேன். பாத்திரம் கழுவும்போதுதான் அதிகம். குழாயைத் திறந்தால் அந்த வாக்கியம் வரும். நான் பதில் சொல்வேன். அவர்கள் திருப்பிச் சொல்வார்கள், அதையும் நானே இட்டுக்கட்டுவேன். நாளாக ஆக அவர்கள் சொல்லாததெல்லாம் சொன்னதாகச் சேர்ந்துகொண்டது. இத்தனைக்கும் ஞாயிறு தோறும் பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வெளியே யாரிடமும் அந்த அத்தையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அதனால் என்னிடம் கசப்பே இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் அந்த அத்தை வீட்டிலிருந்து கல்யாணப் பத்திரிகை வந்தது. என் மகள் அதைக் கையில் எடுத்தாள். அடக்கத்தின்போது அவளுக்கு நாலு வயது, அத்தையின் முகமே அவளுக்கு நினைவில்லை. "அங்கேயா போகணும்? அவங்க எப்பவும் நம்மளை மட்டந்தட்டத்தானே பார்ப்பாங்க" என்றாள்.

அது என் வாக்கியம். தொட்டியின் முன்னால் நின்று நான் உண்டாக்கிய வாக்கியம். முணுமுணுத்திருக்கிறேன் போல, அல்லது அத்தையின் பெயர் வரும்போதெல்லாம் என் முகம் மாறியிருக்கிறது. மிளகாயை அரைத்தவள் நான். புட்டு அவளுடையதாக இருந்தது.

அன்று இரவு 1 கொரிந்தியர் 13-ஐ எடுத்தேன். அன்பு "தீங்கு நினையாது" என்று நம் வேதத்தில் இருக்கிறது. நினையாது என்ற இடத்தில் பவுல் எழுதிய கிரேக்கச் சொல் கணக்கு வைக்கிறவர்கள் பயன்படுத்தும் சொல், எவாகிரியுஸ் எண்ணங்களுக்கு வைத்த பெயரும் அதே வேரிலிருந்து வருவதுதான். அன்பு தீங்குக்குக் கணக்கு வைக்காது. என்னிடம் பதினொரு வருடக் கணக்கு இருந்தது, வட்டியோடு.

நினைக்காமல் இருக்க முயன்று பார்த்தேன். முடியவில்லை. கல் சுற்றிக்கொண்டுதானே இருக்கும்! அப்போதுதான் அம்மா கொடுத்த அந்த இரண்டு கை அரிசி நினைவுக்கு வந்தது. அந்த வாக்கியம் வரும்போதெல்லாம் அத்தையின் முழங்கால் வலிக்காக ஜெபிப்பது என்று வைத்துக்கொண்டேன். பெயர் சொல்லி, சின்ன ஜெபம், அவ்வளவுதான். முதல் மாதங்களில் வாய்தான் ஜெபித்தது, மனம் வரவில்லை. வந்த மாவு சிவப்பாகத்தான் இருந்தது என்று சொல்லலாம். ஆனாலும் விடவில்லை. இப்படி ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. எந்த நாளில் மாறியது என்று என்னால் சொல்ல முடியாது. ஒரு மழைக்காலத்தில் எனக்கு முழங்கால் வலித்தபோது, அத்தைக்கு இந்தக் குளிரில் எப்படி இருக்குமோ என்று தானாகவே நினைத்தேன். அடுப்பை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். இது நான் முயன்று நினைத்தது இல்லை. ஆண்டவர் எனக்குள் செய்த வேலை அது. நம் முயற்சியை நான் குறைத்துச் சொல்லவில்லை, அரிசியை நாம்தான் அள்ளிப் போட வேண்டும். ஆனால் மனம் புதிதாகிறது என்று ரோமர் 12-இல் பவுல் சொல்வது, ஆண்டவருடைய கிருபையினால் நடக்கிற காரியம்.

பிறகு அத்தையைப் பார்க்கப் போனேன். அவர்கள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. என் கையைப் பிடித்து, "பஸ்ஸிலயா வந்தே? சாப்பிட்டியா?" என்று கேட்டார்கள். மகளையும் கூட்டிக்கொண்டுதான் போயிருந்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேரம் நெருங்கிவிட்டது, நிலையத்தார் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். பிலிப்பியர் 4:8-ஐ விரிவாகப் பேச வேண்டும் என்று குறிப்பு எழுதி வந்தேன், இப்போது இரண்டு வார்த்தை மட்டும். உண்மையுள்ளவை, ஒழுக்கமுள்ளவை, நீதியுள்ளவை, கற்புள்ளவை, அன்புள்ளவை, நற்கீர்த்தியுள்ளவை என்று பவுல் அடுக்குகிறார். எழுதும்போது அவர் விலங்கு போட்ட கைதி. கசப்பை அரைக்க அவருக்கு வேண்டிய மட்டும் சரக்கு இருந்தது. "சிந்தித்துக்கொண்டிருங்கள்" என்று முடிக்கிறார், ஒரு தடவை சிந்தித்து விட்டுவிடுவதைப் பற்றி அவர் பேசவில்லை.

முதலாம் சங்கீதத்தில் 'தியானம்' என்று வருவதற்கு எபிரெயத்தில் முணுமுணுத்தல் என்ற அர்த்தமும் உண்டு. புறா முனகுவதற்கும் ஏசாயாவில் அதே சொல்தான். நாம் சும்மாவே முணுமுணுக்கிறவர்கள், அதனால் இது நமக்குக் கடினமில்லை. ஒரு சங்கீதத்தை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு 103-ஆம் சங்கீதம். இன்று காலையும் பாத்திரம் கழுவும்போது சொன்னேன், "என் ஆத்துமாவே, கர்த்தரை ஸ்தோத்திரி" என்று. பாதியில் மகள் வந்து துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டு, அடுத்த வரியை அவள் சொன்னாள்.

வாய்ப்புக் கொடுத்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.