ரெண்டு பர்சென்ட் போகுதா, ரெண்டு மாசம் போகுதா?

[திரையில்: ஓடும் விசைத்தறி. பக்கத்தில் திறந்த பில் புத்தகம்.]

"கார்டா? ரெண்டு பர்சென்ட் போயிடும்ங்க, வேண்டாம்." சேலத்துல சரக்கு சப்ளை பண்றவங்ககிட்ட, பில் பணத்தைக் கார்டுல வாங்கிக்கறீங்களான்னு கேட்டா முதல்ல வர்ற பதில் இதுதான். போறது உண்மை. கடனுக்குக் குடுத்துட்டுக் காத்திருக்கறதுல என்ன போகுதுன்னு மட்டும் யாரும் எழுதிப் பாக்கறதில்ல.

[திரையில்: ஏற்காடு மலைப்பாதை. பில்: ரூ. 1,00,000]

ஜலகண்டாபுரத்துல துண்டு நெய்யற ஒரு தறிக்காரர்னு வைங்க. ஏற்காட்டு ரிசார்ட் ஒண்ணு ஏப்ரல்ல ஒரு லட்சத்துக்குத் துண்டு எடுக்குது. மே மாசக் கோடை விழாக் கூட்டம் வந்து போனாத்தான் அவங்க கையில காசு. நம்மாளுக்குப் பணம் ஜூன்ல. நூல்காரரும் கூலியாளும் அதுவரை பொறுப்பாங்களா? ரெண்டு வட்டிக்கு வாங்கறார். ரெண்டு மாசத்துக்கு 4,000 ரூபாய்.

அதே பில்லை ரிசார்ட் கமர்ஷியல் கார்டுல, அதாவது தொழிலுக்குன்னு வங்கி குடுக்கற கிரெடிட் கார்டுல, கட்டுதுன்னு வைங்க. வங்கி 2 சதவீதம் பிடிச்சா 2,000. அதுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 360. ஜிஎஸ்டி பதிவு இருந்தா அந்த 360-ஐ இன்புட் கிரெடிட்டா, அதாவது நீங்க கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில, கழிச்சுக்கலாம். மீதிப் பணம் பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு வேலை நாள்ல கணக்குல ஏறிடும். ரிசார்ட்டுக்கும் கார்டு பில் வர்றவரைக்கும் அவகாசம். வசூல் தலைவலி வங்கிக்கு.

எல்லாருக்கும் இது லாபம்னு சொல்ல மாட்டேன். வங்கியில வருஷம் 12 சதவீத வட்டிக்கு ஓவர்டிராஃப்ட் கடன் இருக்கறவருக்கு ரெண்டு மாச வட்டியும் கிட்டத்தட்ட அதே 2,000தான். முப்பது நாள்ல ஒழுங்கா செக் குடுக்கற பார்ட்டியைக் கார்டுக்கு மாத்தினா லாபமில்ல. செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறையில வெள்ளி விலைக்கும் சேர்த்து ரெண்டு பர்சென்ட் குடுத்தா கூலியே காணாமப் போயிடும்; அங்க கூலி பில்லுக்கு மட்டும் வாங்கலாம். லீ பஜார்ல ரொக்கத்துக்கு சி.டி. (கேஷ் டிஸ்கவுன்ட்) தள்ளறவங்க, கார்டுக்கும் அதே சி.டி.யைக் குடுத்துடாதீங்க. ரெண்டு பக்கமும் வெட்டு விழும்.

[திரையில்: 45 நாள்]

வாங்கறவங்களுக்கும் ஒரு நெருக்கடி இருக்கு. சிறு, குறு தொழில்களுக்கு அதிகபட்சம் 45 நாள்ல பணம் குடுக்கணும்னு 2006 எம்எஸ்எம்இ சட்டம் சொல்லுது. கெடு தாண்டி, நிதியாண்டு முடிவுலயும் பாக்கி நின்னா அதை அந்த வருஷச் செலவா காட்ட முடியாதுங்கற வரி விதி 2024 ஏப்ரல்ல அமலுக்கு வந்தது. அதனால, "கார்டுல கட்டிடுங்களேன்"னு நீங்களே கேக்கலாம், கூச்சம் வேண்டாம்.

முன்ன, கார்டு வாங்காத சப்ளையருக்கும் நடுவுல ஒரு கம்பெனி கார்டுப் பணத்தை வாங்கி வங்கிக் கணக்குக்கு அனுப்பிட்டிருந்தது. 2024 பிப்ரவரியில ரிசர்வ் வங்கி அந்த வழியை நிறுத்தச் சொல்லிடுச்சு. அதனால கார்டு வாங்கற ஏற்பாடு உங்க பேர்லயே இருக்கறது நல்லது.

[திரையில்: செல்போனில் பேமென்ட் லிங்க்]

கார்டு தேய்க்கற மிஷின் கட்டாயமில்ல, லிங்க் அனுப்பினா போதும். கமர்ஷியல் கார்டுக்குத் தனி ரேட் இருக்கும். அதை வங்கிகிட்ட எழுத்துல வாங்குங்க. சரக்கு இறக்கினதும் டெலிவரி சலான்ல கையெழுத்து வாங்கி வைங்க. "சரக்கே வரலை"ன்னு புகார் போனா வங்கி முதல்ல கேக்கறது அந்த மாதிரித் தாளைத்தான்.