தட்டில் இருப்பதெல்லாம் நமக்கா?

வணக்கம் நேயர்களே, அஸ்ஸலாமு அலைக்கும். கொம்பியூட்டரைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் தேநீர்க் கடையில் தொடங்குகிறேன், கோபிக்க வேண்டாம்.

மட்டக்களப்பு பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு கடையில் போய் உட்காருகிறீர்கள். கேட்டது ஒரு பிளேன்டீ. ஆனால் மேசைக்கு முதலில் வருவது ஒரு தட்டு. வடை, ரோல்ஸ், கட்லட், பணிஸ் எல்லாம் குவிந்திருக்கும். இரண்டு வடை எடுத்தால் இரண்டுக்குத்தான் காசு, மிச்சம் அடுத்த மேசைக்குப் போகும். சரி, தட்டில் உள்ளது முழுவதையும் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயே ஆகவேண்டும் என்று முதலாளி சொன்னால் என்ன செய்வீர்கள்? சண்டை பிடிப்பீர்கள். கொம்பியூட்டரில் மட்டும் நாம் சண்டை பிடிப்பதில்லை. இயங்குதளத்தை, அதாவது கொம்பியூட்டரை ஓடவைக்கும் அடிப்படை மென்பொருளைப் போட்டவுடன் விளையாட்டு, வானிலை, பாட்டு, பெயரே விளங்காத பத்துப் பன்னிரண்டு ஐகன்கள் வந்து நிற்கின்றன. வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்கிறோம்.

கல்லடியில் எங்கள் ஒழுங்கைக்குள் இளைப்பாறிய டீச்சர் ஒருவர் இருக்கிறார். கட்டாரிலிருந்து மகன் அனுப்பிய சின்ன லெப்டொப்பை ஒருநாள் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே கொண்டுவந்தார். "தம்பி, இது என்னை விட மெதுவாக நடக்குது" என்றார். நினைவகம் இரண்டு ஜீபீ, சேமிப்பிடம் 32 ஜீபீ. அதில் அவருடைய சொந்தக் கோப்புகள் ஒரு ஜீபீ கூட இல்லை. மிச்சமெல்லாம் கூட வந்தவை. புதுப்பிப்பு வந்தால் இடமில்லை என்று பாதியில் நிற்கும், மறுநாள் மறுபடி முதலிலிருந்து தரவிறக்கும். அவர் ரீலோட் போடுவதெல்லாம் அதற்கே போய்க்கொண்டிருந்தது.

உங்களுக்கு என்னென்ன தேவை என்று கேட்டேன். ஒரு கடதாசியில் எழுதித் தந்தார்: தமிழில் கேள்வித்தாள் அடிக்க வேண்டும், பிரிண்ட் எடுக்க வேண்டும், பேரப்பிள்ளைகளோடு வீடியோவில் கதைக்க வேண்டும். மூன்றே மூன்று. ஆசிரியர் அல்லவா, கீழே கோடும் போட்டிருந்தார்.

நான் விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான டெபியன் லினக்ஸைப் போட்டேன், அதிலும் அடித்தளம் மட்டும். இரண்டு ஜீபீக்குள் முடிந்துவிட்டது. டீச்சர் எட்டிப் பார்த்தார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஒரு வரி, மவுஸ் கூட இல்லை. "தம்பி, உள்ளதையும் பழுதாக்கிப்போட்டியா?" அந்த முகம் இன்னும் எனக்கு ஞாபகம். அதன் பிறகு ஒவ்வொன்றாக ஏற்றினேன். ஐகன்களும் மவுஸும் உள்ள, பாரமில்லாத ஒரு டெஸ்க்டொப், எழுத லிப்ரே ஒபிஸ், இணையம் பார்க்க ஃபயர்ஃபொக்ஸ், பிரிண்டருக்கு வேண்டியது. கடைசியாக ரெங்கநாதன் விசைப்பலகை. இலங்கையின் தரநிலையான தமிழ்த் தட்டச்சு முறை அதுதான். கவனியுங்கள், பழைய நிறுவலில் சீட்டுக்கட்டு விளையாட்டு தானாக வந்திருந்தது. டீச்சருக்கு உயிரான தமிழ்த் தட்டச்சை நான்தான் போய்த் தேடி எடுக்க வேண்டியிருந்தது.

வேண்டாததைப் பிறகு அழித்தால் போகிறது என்பார்கள். ஆணத்தில் உப்புக் கூடினால் பிறகு அள்ளி எடுக்கலாம் என்பது போல. சேர்ப்பவருக்குத் தான் எதைச் சேர்க்கிறோம் என்று தெரியும். அழிப்பவருக்கு எது எதைத் தாங்கி நிற்கிறது என்று தெரியாது. லினக்ஸிலேயே ஒரு சின்ன விளையாட்டை நீக்கப் போனால், அதோடு சேர்ந்த டெஸ்க்டொப் தொகுப்பும் கழன்று, இன்னும் நூற்றுக்கணக்கான பொதிகள், அதாவது மென்பொருள் கட்டுகள், இனித் தேவையில்லை, நீக்கட்டுமா என்று கேட்கும். கை நடுங்கும். டெபியனைப் புகழ்கிறேன் என்று நினைக்காதீர்கள். 2009-இல் வந்த பதிப்பிலிருந்து, ஒரு பொதியைக் கேட்டால் அது பரிந்துரைக்கும் பொதிகளையும் தானாகவே சேர்த்துப் போடுகிறது. கலியாணத்துக்கு ஒருவருக்குச் சொன்னால் வேன் பிடித்து வருவது போல. அதை நிறுத்த வழி இருக்கிறது, ஆனால் நாமாகத் தேடிப்பிடிக்க வேண்டும்.

இடமும் டேட்டாவும் மட்டும் போனால் பரவாயில்லை. 2001 ஜூலையில் கோட் ரெட் என்றொரு வேர்ம், அதாவது தானாகவே பரவும் கொம்பியூட்டர் புழு, பரவியது. 14 மணி நேரத்துக்குள் 359,000-க்கும் மேற்பட்ட கொம்பியூட்டர்கள். அது நுழைந்த வழி, இணையத்தளங்களை மற்றவர்களுக்கு அனுப்பிவைக்கும் மைக்ரோசொப்டின் இணையச் சேர்வர் மென்பொருள். விண்டோஸ் 2000 சேர்வரில் அந்த மென்பொருள் கேட்காமலே வந்து, ஓடிக்கொண்டும் இருந்தது. வீட்டில் இப்படியொரு பின்கதவு இருப்பதே தெரியாதவர் அதை எப்படிப் பூட்டுவார்? 2003-இல் வந்த அடுத்த சேர்வர் பதிப்பில் பொதுவாக அதைத் தானாக நிறுவாமல் விட்டார்கள். வேண்டியவர் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். நான் சொல்வதும் அவ்வளவுதான், கேட்டுப் போடுங்கள்.

புதிதாகப் பழகுபவர் பாவம், அவருக்கு எல்லாம் இருந்தால்தானே நல்லது என்று ஒரு நண்பர் என்னோடு எப்போதும் வாதாடுவார். அதில் நியாயம் இருக்கிறது. வைஃபை வேலை செய்யாத நிறுவலைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை இணையத்தில் எடுத்துக்கொள் என்றால் அது கொடுமை. டெபியனில் பல காலம் அந்தக் கொடுமை இருந்தது. வைஃபை போன்ற பாகங்களை இயக்க வேண்டிய ஃபேர்ம்வெயர் என்ற சின்ன மென்பொருளை அதிகாரபூர்வ நிறுவியிலேயே சேர்த்தது 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பில்தான். ஆக, இயந்திரம் இயங்கத் தேவையானது முழுவதும் இருக்கட்டும். அதற்கு மேல் உள்ளதை மனிதரிடம் கேளுங்கள், அதுவும் டீச்சருக்கு விளங்கும் பாஷையில். உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் கூட 2023 ஒக்டோபர் பதிப்பில் குறைந்த நிறுவலையே இயல்பானதாக வைத்து, முழுவதும் வேண்டியவர் தெரிவு செய்யட்டும் என்று மாற்றியது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் நிலையத்துத் தம்பி இரண்டு நிமிடம்தான் என்று இரண்டு விரல் காட்டுகிறார். வீட்டில் நீங்களே எப்படிச் செய்து பார்ப்பது என்று விளக்கக் கடைசி ஐந்து நிமிடத்தை ஒதுக்கி வைத்திருந்தேன், அதைத் தேநீர்க் கடை தின்றுவிட்டது. அவசரமாக இரண்டு விஷயம். உங்கள் படங்களையும் கோப்புகளையும் முதலில் வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுத்து வையுங்கள். அப்புறம், டெபியனை நிறுவும்போது கடைசிப் பக்கம் ஒன்றில் மென்பொருள் பட்டியல் வரும், சில பெட்டிகளில் ஏற்கனவே குறி போட்டிருக்கும். அங்கே உடனே என்டரைத் தட்டாதீர்கள். ஸ்பேஸை அழுத்தினால் அந்தக் குறி போய்விடும். வணக்கம்.