தாயக்கட்டையில் ஏழு விழுமா?

(ஒரு நூலக வாசகர் வட்டத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். கடைசி வரிசைக்குக் கேட்கிறதா? கையைத் தூக்குங்கள். சரி, கேட்கிறது.

வினாடி வினாவில் அடிக்கடி வரும் அன்றாட வாழ்க்கைக் கேள்விகளைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பள்ளிக்கூடம், கல்லூரி, குடியிருப்போர் சங்கத்துப் பொங்கல் விழா என்று யார் கூப்பிட்டாலும் போய்க் கேள்வி கேட்கிற ஆள் நான். எந்த நாட்டுக்கு எது தலைநகரம், எந்த ஆறு நீளம் என்று கேட்டால் பிள்ளைகள் பட்பட்டென்று சொல்லிவிடுவார்கள். தாயக்கட்டை, கேரம், தபால்தலை, அறுபதாம் கல்யாணம் என்று வீட்டுப் பக்கம் திரும்பினால்தான் முழிப்பார்கள். பிள்ளைகள் மட்டுமல்ல, அப்பா அம்மாக்களும்தான்.

இதில் எனக்கு ஒரு பாரபட்சம் உண்டு. மனப்பாடம் செய்தவனுக்கு மட்டும் பதில் தெரிகிற கேள்வியில் எனக்கு ஆர்வம் கிடையாது. பதில் தெரியாதவனும் விரல்விட்டு எண்ணி, கொஞ்சம் யோசித்து, தானே வந்து சேரக்கூடிய கேள்விதான் எனக்குப் பிடிக்கும். இந்தப் புத்தியை எனக்குக் கொடுத்தது ஒரு பாட்டி.

பல வருஷத்துக்கு முன்னால் ஒரு பொங்கல் விழா. "தாயக்கட்டையில் விழவே விழாத எண் எது?" என்று கேட்டேன். என் தாளில் விடை '7' என்று எழுதி வைத்திருந்தேன். ஒரு பையன் "ஏழு" என்றான். "சரியான விடை" என்று சொல்லி, எல்லோரையும் கைதட்டவும் வைத்தேன். பின்னாலிருந்து ஒரு பாட்டி, "ஏன் தம்பி, எட்டு மட்டும் விழுந்துருமா?" என்றார். கூட்டம் சிரித்த சிரிப்பில் அடுத்த கேள்வியை நான் தேட வேண்டியதாகிவிட்டது.

பாட்டி கேட்டது சரி. இதோ ஒரு ஜோடி பித்தளைக் கட்டை கொண்டுவந்திருக்கிறேன். முன் வரிசையில் சுற்றுக்கு விடுகிறேன், தயவுசெய்து திரும்பி வர வேண்டும். கட்டைக்கு நாலு பக்கம். ஒரு பக்கத்தில் ஒரு புள்ளி, அடுத்ததில் இரண்டு, இன்னொன்றில் மூன்று, நாலாவது பக்கம் மொட்டை. இரண்டு கட்டையையும் சேர்த்து உருட்டினால் அதிகம் போனால் மூன்றும் மூன்றும் ஆறு. இரண்டும் மொட்டையாக விழுந்தால் ஒன்றுமில்லை என்று விடாமல் 12 என்று வைத்துவிட்டார்கள். ஆக 7, 8, 9, 10, 11 ஆகிய ஐந்தும் விழாது. என் தாளில் இருந்தது ஐந்தில் ஒரு பங்கு விடை.

அன்று ராத்திரி வீட்டில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். இரண்டு கட்டையும் மொத்தம் 16 விதமாக விழலாம். அதில் 3 விழ நாலு வழி. 2க்கும் 4க்கும் மும்மூன்று வழி. 1க்கும் 5க்கும் இரண்டிரண்டு. 6க்கும் 12க்கும் ஒவ்வொன்றுதான். எங்கள் பக்கத்தில் 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டலாம்; 2, 3, 4 விழுந்தால் கட்டையை அடுத்த ஆளிடம் கொடுத்துவிட வேண்டும். அதாவது அரிதாக விழுவதற்கெல்லாம் பரிசு, சும்மா சும்மா விழுவதற்கு ஒன்றும் கிடையாது! திண்ணையில் உட்கார்ந்து இந்த விதியை வைத்தவர்கள் நிகழ்தகவு என்ற சொல்லைக் கேட்டிருப்பார்களா என்ன? ஆடி ஆடியே கண்டுகொண்டிருக்கிறார்கள். தாயம், அதாவது 1, விழுந்தால்தானே காய் இறக்க முடியும்? அது 16ல் 2, அதாவது சராசரியாக எட்டு உருட்டலுக்கு ஒரு முறை. நான் சின்ன வயதில் தாயம் விழாமல் அழுதுகொண்டிருக்கும்போது என் அண்ணன் இரண்டு காயைச் சுற்றி முடித்துப் பழம் எடுத்திருப்பான். அவன் ஏமாற்றுகிறான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். கணக்குப் போட்ட பிறகு பாதி மன்னித்துவிட்டேன்.

கட்டை இல்லாத வீட்டில் ஆறு சோழியைக் குலுக்கிப் போடுவார்கள். மல்லாந்தவற்றை எண்ண வேண்டும். ஆறும் குப்புற விழுந்தால் 12. அங்கேயும் 7 முதல் 11 வரை வராது. ஆனால் சோழி மல்லாந்து விழுவதும் குப்புற விழுவதும் சமம் அல்ல, அதனால் அந்தக் கணக்கை நான் போடவில்லை.

அடுத்தது சடங்குகள். சதாபிஷேகம் எத்தனை வயதில் என்று கேட்டால் 80 என்பார்கள். ஏன் 80? ஆயிரம் பிறை கண்டவர் என்பதால். இது வரை எல்லோருக்கும் தெரியும். கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்குச் சராசரி 29.53 நாள். ஆயிரம் பிறைக்கு 29,530 நாள். வருஷத்துக்கு 365.25 நாள் என்று வகுத்தால் 80 வருஷமும் ஏறக்குறைய 10 மாதமும் வருகிறது. 80 முடிந்த அன்றே மாலை போட்டுவிட்டால் தாத்தா கணக்கில் சுமார் 990 பிறைதான். ஐப்பசி, கார்த்திகை மேகத்தையும் கழித்தால் இன்னும் குறையும். இதையெல்லாம் விசேஷ வீட்டில் போய்ச் சொல்லி வைக்காதீர்கள்.

அறுபதாம் கல்யாணமும் அப்படித்தான். பிரபவ முதல் அட்சய வரை 60 வருஷப் பெயர்கள் ஒரு சுற்று முடிந்து, பிறந்த வருஷத்தின் பெயர் திரும்ப வருகிறது. ஏன் 60 என்று ஒரு மாணவி கேட்டாள். வியாழன் ராசிச் சக்கரத்தைச் சுற்ற ஏறக்குறைய 12 வருஷம், சனி சுற்ற ஏறக்குறைய 30 வருஷம். இரண்டுக்கும் மீச்சிறு பொது மடங்கு என்ன? "அறுபது சார்!" என்று அவளே சொல்லிவிட்டாள். ஆறாம் வகுப்பில் இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுக்கும்போது தாத்தாவின் கல்யாண போட்டோவைக் காட்டியிருந்தால் நானும் அன்றே படித்திருப்பேன்.

ஜன்னல், சாவி, அலமாரி, மேஜை, பொத்தான். இந்த ஐந்துக்கும் பொதுவானது என்ன? 'வீட்டில் இருப்பவை' என்று ஒருவர் சொல்கிறார். அதுவும் சரிதான், ஆனால் மதிப்பெண் கிடையாது. ஐந்தும் போர்ச்சுக்கீசியச் சொற்கள். வாஸ்கோ ட காமா 1498ல் கோழிக்கோடு பக்கம் வந்து இறங்கிய பிறகு கப்பலோடு வந்தவை. சாளரமும் திறவுகோலும் நம்மிடம் இருந்தன. இருந்தும் ஜன்னலும் சாவியும் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டன. இலங்கைத் தமிழர்கள் அலுவலகத்தைக் 'கந்தோர்' என்பார்கள். அது டச்சு. நாம் கூச்சப்பட்டுச் சொல்லும் 'கக்கூஸ்' கூட டச்சிலிருந்து வந்ததுதான். மிளகாயும் கடல் கடந்து வந்த சரக்கு. ஆனால் அதற்கு மட்டும் நாமே பெயர் வைத்தோம். மிளகு போலக் காரமான காய், மிளகாய். பெயரைப் பிரித்தாலே, அதற்கு முன்னால் நம் சமையலில் காரம் எதிலிருந்து வந்தது என்று தெரிந்துவிடும்.

கேரம் பற்றி ஒரு வரி. வீட்டில் கறுப்பு 10, வெள்ளை 20, சிவப்பு 50. போட்டியில் காய்க்கு 1, சிவப்புக்கு 3, அவ்வளவுதான். சென்னைக்காரர் மரிய இருதயம் இரண்டு முறை உலகச் சாம்பியன் ஆனவர், அர்ஜுனா விருதும் வாங்கியவர். அவர் பெயரைக் கேட்டால் பத்துப் பேரில் ஒருவர் சொன்னால் அதிகம். இதை யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது என்பதால் நானும் அதிகம் கேட்பதில்லை, வருத்தத்தோடு.

தபால்தலை சேர்க்கிறவர்களிடம் ஒரு கேள்வி. நாட்டின் பெயர் அச்சிடாமல் தபால்தலை வெளியிடும் நாடு எது? பிரிட்டன். ஏன்? 1840 மே மாதம் 'பென்னி பிளாக்' வந்தபோது உலகத்தில் வேறு யாரிடமும் ஒட்டுகிற தபால்தலை கிடையாது. தெருவில் ஒரே வீடு இருக்கும்போது கதவு எண் எதற்கு? ராணியின் முகம் போதும் என்று விட்டார்கள், அந்த வழக்கமே நிலைத்துவிட்டது. நம் பின்கோடு இதற்கு நேர் எதிர்க் கதை. இங்கே ஒரே பெயரில் ஊர்கள் ஏராளம். அய்யம்பேட்டை என்று மட்டும் எழுதினால் தஞ்சாவூர்ப் பக்கமா, காஞ்சிபுரம் பக்கமா? போதாததற்கு இத்தனை மொழிகள், இத்தனை கையெழுத்துகள். அதனால் 1972 ஆகஸ்ட் 15 அன்று ஆறு இலக்கம் வந்தது. திட்டத்தை வகுத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர், சமஸ்கிருதக் கவிஞரும்கூட. முதல் இலக்கம் மண்டலம். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் 6. கடைசி மூன்று இலக்கம் உங்கள் கடிதத்தைக் கையில் கொண்டுவந்து கொடுக்கும் தபால் அலுவலகம். இன்று ராத்திரி உங்கள் வீட்டுக்கு வரும் பார்சலைத் திருப்பிப் பாருங்கள்.

தப்பான விடைகளும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. சுடோகு பிறந்த நாடு ஜப்பான் என்று எழுதி வைத்த அட்டைகளை நான் பார்த்திருக்கிறேன். பெயர்தான் ஜப்பான். இன்றைய வடிவில் அந்தப் புதிர் 1979லேயே அமெரிக்காவில் ஒரு புதிர் இதழில் வந்துவிட்டது. போட்டவர் ஹோவர்ட் கார்ன்ஸ் என்ற கட்டடக் கலைஞர். மோதிர விரலிலிருந்து இதயத்துக்குத் தனியாக ஒரு ரத்தக் குழாய் ஓடுகிறது என்பதும் இந்த ரகம். எல்லா விரலுக்கும் ஒரே மாதிரி ஏற்பாடுதான்.

டீ வந்துவிட்டது என்று செயலாளர் சைகை காட்டுகிறார். டீ குடிக்கும்போது யோசிக்க ஒன்று: சதுரங்கப் பலகையில் மொத்தம் எத்தனை சதுரங்கள்? பெரிய சதுரத்துக்குள் சின்னது, இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று, எல்லாமும் கணக்கு. 64 என்று சொல்பவருக்கு பிஸ்கட் கிடையாது. அந்தத் தாயக்கட்டை இப்போது யார் கையில் இருக்கிறது?