கடவுள் பேரை "பிப்பி"ன்னு வாசிச்ச ஆளுங்க! யெகோவாவா, யாவேயா, கர்த்தரா?

கடவுளோட பேர் எழுதியிருந்த இடத்தை சில பேர் "பிப்பி"ன்னு வாசிச்சிருக்காங்க. நான் கிண்டல் பண்ணல மக்களே. பைபிளை லத்தீனுக்குக் கொண்டுவந்த ஜெரோம், 4ஆம் நூற்றாண்டுக் கடைசியில ஒரு கடிதத்துல இதை எழுதியே வெச்சிருக்கார்.

(திரையில் நாலு எபிரெய எழுத்து பெரிசா வருது)

நல்லா பாருங்க. எபிரெயம் வலமிருந்து இடமா ஓடுற எழுத்து. வலது ஓரத்துல குட்டியா ஒரு கோடு, அதுதான் யோத். அடுத்தது மேல கூரை, ரெண்டு பக்கமும் கால், பந்தல் மாதிரி. அது ஹே. அப்புறம் நெட்டுக்குத்தலா ஒரு கோடு, வாவ். கடைசியில மறுபடியும் அதே பந்தல், ஹே. யோத், ஹே, வாவ், ஹே. ய்-ஹ்-வ்-ஹ். முடிஞ்சது.

இப்போ எபிரெயம் சுத்தமா தெரியாத ஒரு கிரேக்கர் இதை இடமிருந்து வலமா பார்க்கிறார். பந்தல், கோடு, பந்தல், கோடு. பந்தல்னா கிரேக்கத்துல "பி". கோடுன்னா "இ". பி-இ-பி-இ. ஆள் ரொம்ப பக்தியா "பிப்பி"ன்னு வாசிச்சிட்டுப் போயிட்டார்.

சிரிச்சு முடிச்சாச்சா? இந்தக் கூத்துக்குள்ள ஒரு ஆதாரம் ஒளிஞ்சிருக்கு. "பிப்பி"ன்னு வாசிக்கணும்னா, கிரேக்க மொழிபெயர்ப்புக்கு நடுவுல அந்தப் பேர் எபிரெய எழுத்துலயே இருந்திருக்கணும் இல்லையா? இருந்துச்சு. கி.மு. 1ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஃபுவாத் 266ங்கிற பாப்பிரஸ்ல, அதாவது நாணல் தாள்ல எழுதின பழைய பிரதியில, கிரேக்க உபாகமத்துக்கு நடுவுல இந்த நாலு எழுத்து அப்படியே உக்காந்திருக்கு. இதை மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி புதிய ஏற்பாட்டுச் சண்டைக்கு இது வேணும்.

இந்தப் பேரை வெச்சு நடக்குற விவாதம் முக்கால்வாசி ஏன் முடியவே மாட்டேங்குதுன்னா, மூணு தனித்தனி கேள்வியை ஒரே கேள்வியா போட்டுக் குழப்புறாங்க. பேர் மூலத்துல இருந்துச்சா? அதை எப்படி உச்சரிச்சாங்க? நாம இப்போ அதை உச்சரிக்கணுமா? முதல் கேள்விக்கு ஓலையும் கல்லும் பதில் சொல்லும். ரெண்டாவதுக்கு மொழியியல். மூணாவது மட்டும்தான் விசுவாசம் சம்பந்தப்பட்டது. எதிர்ல இருக்கிறவர் ஒண்ணுல தோத்ததும் இன்னொண்ணுக்குத் தாவுவார். பல சமயம் நாமளும் அதையேதான் பண்றோம்.

முதல் கேள்வி, வேகமா முடிச்சிடுறேன். எபிரெய வேதாகமத்துல இந்தப் பேர் 6,800 தடவைக்கு மேல வருது. வெளி ஆதாரம் வேணுமா? மோவாப் ராஜா மேசா வெட்டின கல்வெட்டு, கி.மு. 9ஆம் நூற்றாண்டு, இன்னிக்கு லூவ்ர் மியூசியத்துல இருக்கு. எருசலேம் பக்கத்துல கேத்தெஃப் ஹின்னோம்ல 1979ல கிடைச்ச வெள்ளித் தகடு. லாகீஸ்ல கிடைச்ச பானை ஓட்டுக் கடிதங்கள். எல்லாத்துலயும் இந்தப் பேர் இருக்கு. அந்த லாகீஸ் கடிதங்கள் பட்டாளத்து ஆளுங்க எழுதினது. நாம "நலம், நலமறிய ஆவல்"னு ஆரம்பிக்கிற மாதிரி அவங்க இந்தப் பேரைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறாங்க. ஆக, பேர் இருந்துச்சு, சாதாரணப் புழக்கத்துலயே இருந்துச்சு. இதுல விவாதிக்க ஒண்ணுமே இல்ல.

இப்போதான் எனக்குப் பிடிச்ச இடம். உச்சரிப்பு.

பழைய எபிரெயத்துல மெய்யெழுத்து மட்டும்தான் எழுதுவாங்க. அது எவ்வளவு பெரிய தலைவலின்னு தமிழ்லயே காட்டுறேன். திரையில "ப்ட்ம்"னு போட்டிருக்கேன், வாசிங்க பார்ப்போம். படமா? பாடமா? பீடமா? எபிரெயத்துல ரெட்டை மெய்யையும் ஒத்தையாத்தான் எழுதுவாங்க, அதனால பட்டமாவும் இருக்கலாம், பட்டாமாவும் இருக்கலாம். "பட்டாம்"னு ஒரு வார்த்தையே இல்லன்னு உங்களுக்குத் தெரியுது பாருங்க, அதுதான் விஷயம். மொழி பேசுறவருக்கு எது வார்த்தைன்னு காது சொல்லிடும். ஆனா ஒரு வார்த்தையை யாருமே வாயால சொல்லாம பல தலைமுறை போயிட்டா? எழுத்து தங்கிடும், உயிர் போயிடும். அட, "உயிர்"ங்கிற வார்த்தை இங்க எவ்வளவு சரியா பொருந்துது பாருங்க!

யூதர்கள் பயபக்தியால அந்தப் பேரைச் சொல்றதை நிறுத்தினாங்க. அந்த இடம் வந்தா "அதோனாய்"னு, அதாவது "என் ஆண்டவர்"னு வாசிச்சாங்க. சுமார் 6ஆம் நூற்றாண்டுல இருந்து 10ஆம் நூற்றாண்டுக்குள்ள மசோரெத்துகள்ங்கிற அறிஞர்கள் வந்து, மெய்யெழுத்துக்குக் கீழயும் மேலயும் புள்ளி, கோடு போட்டு உயிர் ஒலியைக் குறிச்சாங்க. இந்த நாலு எழுத்து வந்த இடத்துல என்ன பண்றது? எழுத்தை மாத்தக் கூடாது, ஆனா வாசிக்கிறவர் "அதோனாய்"னு சொல்லணும். அதனால எழுத்து ஒண்ணோடது, புள்ளி இன்னொண்ணோடது.

தமிழ்ல இதைச் செஞ்சு பார்ப்போம். பேர் "குமரன்". ஆனா அதைச் சொல்லாம "தலைவர்"னு வாசிக்கணும். குமரனோட மெய்: க், ம், ர், ன். தலைவரோட உயிர்: அ, ஐ, அ. ரெண்டையும் ஒட்டுங்க. க... மை... ர... ன். கமைரன்! இப்போ இந்த விஷயம் தெரியாத ஒரு வெளியூர்க்காரர் வந்து "ஓகோ, இவர் பேர் கமைரன்"னு எழுதிட்டுப் போயிட்டா? கமைரன்னு ஒருத்தர் பொறக்கவே இல்லையே!

ய்-ஹ்-வ்-ஹ் எழுத்துல அதோனாயோட உயிர் ஏறினா யெ-ஹோ-வா-ஹ். "அதோனாய் 'அ'ல தானே ஆரம்பிக்குது, யெ எப்படி வந்துச்சு?"ன்னு கேக்குறவங்களுக்கு ஒரு சபாஷ். அதோனாயோட முதல் எழுத்து ஆலெஃப், தொண்டை எழுத்து. அதுக்குக் கீழ குறுக்கின உயிர் வந்தா லேசா "அ" சாயல் எடுக்கும். யோத் தொண்டை எழுத்து இல்ல, அதனால சாதாரண குறுக்கம்தான், காதுல "எ" மாதிரி விழும். கணக்கு சரியா வந்துடுச்சு. இதுல ஒரு சின்ன சிக்கலும் உண்டு: எபிரெய வேதாகமத்தோட 1008ஆம் ஆண்டு லெனின்கிராட் பிரதியில பெரும்பாலான இடத்துல நடுவுல வர வேண்டிய "ஓ" புள்ளியே இருக்காது. அதனால சில அறிஞர்கள் அந்த உயிர் அதோனாயோடது இல்ல, அரமாயிக்ல "அந்த நாமம்"னு அர்த்தம் வர்ற "ஷெமா"வோடதுன்னு சொல்றாங்க. எதுவா இருந்தாலும் அது கடன் வாங்கின உயிர்தான்.

இதுக்குச் சரியான சாட்சி எசேக்கியேல். அங்க "அதோனாய் ய்-ஹ்-வ்-ஹ்"னு ரெண்டும் சேர்ந்தே வரும். அப்போ "அதோனாய் அதோனாய்"னு வாசிக்க முடியாதே? அதனால அங்க மட்டும் "எலோஹீம்"னு வாசிப்பாங்க. புள்ளியும் அதுக்கேத்த மாதிரி மாறிடும்! ஒரே பேர், பக்கத்து வார்த்தையைப் பொறுத்து உயிர் மாறுதுன்னா, அது பேரோட சொந்த உயிரா இருக்க முடியுமா?

இந்தக் கலவை வடிவம் 13ஆம் நூற்றாண்டு லத்தீன் புத்தகங்கள்ல தலைகாட்டுது. 1530ல டிண்டேலோட ஆங்கில மொழிபெயர்ப்புல நுழையுது. 1611 கிங் ஜேம்ஸ்ல தனிப்பேரா 4 இடம், "யேகோவாயீரே" மாதிரி இடப்பேர்ல 3. நம்ம பழைய தமிழ் பைபிள்ல யாத்திராகமம் 6:3ல "யேகோவா" வர்றதும் இந்தப் பரம்பரைதான். ஒரு கூடுதல் ருசி: தமிழ்ல அந்த "கோ"வை அழுத்திச் சொல்லாதீங்க. "அகம்", "மகன்"ல வர்ற மெல்லிசான க அது. ஹ ஒலிக்கு நம்ம எழுத்து கொடுத்த இடம்.

அப்போ சரியான உச்சரிப்பு எது? பெரும்பாலான அறிஞர்கள் "யாவே"ங்கிறாங்க. காரணம்: "அல்லேலூயா"வுல வர்ற "யா"ங்கிற சுருக்கம், "யாஹு"ன்னு முடியுற எபிரெயப் பேர்கள், அப்புறம் 5ஆம் நூற்றாண்டுல தியோதொரேத்ங்கிற கிறிஸ்தவ ஆயர், சமாரியர்கள் "இயாபே"ன்னு சொன்னதா எழுதின குறிப்பு. மறுபக்கம், யோசுவாவோட முழு எபிரெயப் பேர் "யெஹோ"ன்னு ஆரம்பிக்குதேன்னு கேப்பாங்க. நியாயமான கேள்வி, ஆனா பேரோட பாதி மட்டும்தான் அதுல இருக்கு. என் கணக்குல "யாவே"வுக்குத்தான் பலம் அதிகம், நூத்துக்கு நூறு இல்ல.

இங்க ரெண்டு பக்கமும் ஒரு குட்டு. "யெகோவா தப்பு, அதனால சொல்லக்கூடாது"ங்கிறவங்களே, "இயேசு"ன்னு நாம சொல்றதும் அவரை வீட்டுல கூப்பிட்ட ஒலி இல்ல, "யேசுவா" கிரேக்கம் வழியா உருமாறி வந்தது. அதை விட்டுடுவீங்களா? "யெகோவாதான் துல்லியம்"ங்கிறவங்களே, கமைரனை நினைச்சுக்கோங்க.

அப்புறம், "ஆங்கிலத்துல 'ஜெஹோவா'ன்னு எழுதுற ஜே எழுத்தே பிற்காலத்துல வந்தது, அதனால பேர் போலி"ன்னு ஒரு வீடியோ சுத்துது. ஆங்கிலச் சண்டையை நாம ஏன் தலையில தூக்கிப் போடணும்? நாமதான் "ய" போட்டு எழுதுறோமே! இன்னொண்ணு, "யோத்னா கை, ஹேன்னா பார், வாவ்னா ஆணி, ஆக கையைப் பார் ஆணியைப் பார்"னு ஒண்ணு. கேக்க உருக்கமா இருக்கும். ஆனா எபிரெய வார்த்தைக்கு எழுத்தோட படத்தைக் கூட்டி அர்த்தம் வராது. அதே வேகத்துல போனா எபிரெய அகராதி முழுக்க ஆணியாத்தான் இருக்கும்.

மூணாவது கேள்வி: சொல்லலாமா? சொல்லக்கூடாதுங்கிறவங்க லேவியராகமம் 24:16 எடுப்பாங்க. தமிழ்ல "நிந்திக்கிறவன்". எபிரெய வினைச்சொல்லுக்கு "குத்து"ன்னும் "பேர் குறிப்பிடு"ன்னும் அர்த்தம் உண்டு. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு ரெண்டாவதை எடுத்து "நாமத்தைச் சொல்லுகிறவன்"னே போட்டிருக்கு. சொல்லணும்ங்கிறவங்க ரூத் 2:4 எடுப்பாங்க. போவாஸ் வயலுக்கு வந்ததும் அறுக்கிறவங்களைப் பார்த்து இந்தப் பேரைச் சொல்லித்தான் வாழ்த்துறார், அவங்களும் அதே பேரால பதில் சொல்றாங்க. அதைவிட யாத்திராகமம் 3:15 பாருங்க. "என்றைக்கும் இதுவே என் நாமம்." இதுதான் சொல்லணும்ங்கிறவங்களோட முதல் ஆயுதம். ஆனா அந்த "என்றைக்கும்" அங்க ஒரு எழுத்து குறைச்சு எழுதியிருக்கு. தல்மூத்ங்கிற யூத நூல்ல வர்ற ரபிமார், அதாவது யூத குருமார், அதே மெய்க்கு வேற உயிர் போட்டு "மறைப்பதற்கு"ன்னு வாசிச்சாங்க. ஒரே வசனம், ஒரே மெய், நேரெதிர் முடிவு. திரும்பவும் ப்ட்ம்!

மிஷ்னாங்கிற பழைய யூதச் சட்டத் தொகுப்பு சொல்றபடி, எருசலேம் ஆலயத்துல ஆசாரியர்கள் ஆசீர்வாதம் சொல்லும்போது பேரை எழுதினபடியே உச்சரிச்சாங்க, வெளியில மாற்றுச்சொல். கி.பி. 70ல ஆலயம் இடிஞ்சுது, அந்த இடமும் போச்சு. கத்தோலிக்கத் திருச்சபை 2008ல வழிபாட்டுப் பாட்டுலயும் ஜெபத்துலயும் "யாவே" வேணாம்னு சொல்லிடுச்சு. அடுத்து போவோம்.

சூடு பறக்குற இடம், புதிய ஏற்பாடு. யெகோவாவின் சாட்சிகளோட மொழிபெயர்ப்புல அங்க 237 இடத்துல இந்தப் பேர் இருக்கு. கிடைச்சிருக்கிற கிரேக்கப் பிரதிகள்ல ஒண்ணுலகூட நாலு எழுத்து இல்ல. "கூரியோஸ்", அதாவது ஆண்டவர், அதுவும் முதல் கடைசி எழுத்து மட்டும் போட்டு மேல ஒரு கோடு இழுத்த சுருக்கமா இருக்கும். அவங்க வாதத்துக்குத்தான் ஆரம்பத்துல பார்த்த ஃபுவாத் பாப்பிரஸ் வருது: அப்போஸ்தலர் காலத்துப் பழைய ஏற்பாட்டுல பேர் இருந்துச்சு, மேற்கோள் காட்டும்போது அதையும் எழுதியிருப்பாங்க. 1977ல ஜார்ஜ் ஹோவர்ட்ங்கிற அறிஞரும் கிட்டத்தட்ட இப்படி ஒரு ஊகம் வெச்சார். ஊகம்தான், ஓலை இல்ல.

உரசிப் பார்க்க ரோமர் 10:13 எடுங்க. "கர்த்தருடைய நாமத்தைத் தொழுதுகொள்ளுகிற எவனும்..." இது யோவேல் 2:32 மேற்கோள், அங்க நாலு எழுத்து இருக்கு. அதனால யெகோவான்னு போடலாம்ங்கிறாங்க. ஆனா நாலு வசனம் மேல, 9ல, அதே "கூரியோஸ்" இயேசுவுக்கு வருது. பவுல் பேச்சை மாத்தினாரா, வேணும்னே இணைச்சாரா? விவாதமே அதுதான். மேற்கோள்னா பேர் போடணும்ங்கிறது விதின்னா, 34ஆம் சங்கீதத்தை ஒட்டி வர்ற 1 பேதுரு 2:3ல அவங்களே "கர்த்தர்"னு விட்டிருக்காங்க. அதே நேரம், 6,800 இடத்துல எழுதியிருக்கிற பேரை எடுத்துட்டுப் பட்டப்பேர் போட்ட மத்த மொழிபெயர்ப்பு எல்லாம், "நாங்க மூலத்துல கை வைக்கவே இல்ல"ன்னு மார் தட்டவும் முடியாது.

இனி நீங்களே சரிபார்க்கிற வழி. இலவச பைபிள் ஆப் ஏதாவது ஒண்ணுல ஸ்ட்ராங்ஸ் எண் காட்டுற பதிப்பைத் திறங்க. ஒவ்வொரு மூலச்சொல்லுக்கும் கொடுத்த எண் அது; எச்னா எபிரெயம், ஜின்னா கிரேக்கம். எச் 3068னா நாலெழுத்துப் பேர். எச் 3069ம் அதே பேர்தான், ஆனா எலோஹீம் உயிர் ஏறினது. எச் 3050 "யா". எச் 136 அதோனாய். புதிய ஏற்பாட்டுல ஜி 2962 கூரியோஸ். எங்க சறுக்கும்னா, 3068ஐ மட்டும் தேடி எண்ணினா 3069 விட்டுப்போய் மொத்தம் குறையும். அப்புறம் வசன எண். யோவேல் 2:32 எபிரெயப் பதிப்புல 3:5. சங்கீதத்துல தலைப்பையும் ஒரு வசனமா எண்ணுறதால 83:18 அங்க 83:19. "உங்க வசனத்துல பேரே இல்லையே"ன்னு யாராவது மடக்கினா, முதல்ல எண்ணைப் பாருங்க. தமிழ்ல "கர்த்தர்"னு இருக்கிறதை வெச்சு மட்டும் முடிவு பண்ணாதீங்க, பழைய ஏற்பாட்டுல அது நாலெழுத்து, புதிய ஏற்பாட்டுல கூரியோஸ்.

வீட்டுப்பாடம் ஒண்ணு. எசேக்கியேல் 2:4, "கர்த்தராகிய ஆண்டவர்"னு வரும். அதுல "கர்த்தர்"க்கு 3068 வருதா 3069 வருதா, ஏன்? கமெண்ட்ல போடுங்க. "பிப்பி"ன்னு போடுறவங்களுக்கு மார்க் கிடையாது.