ஏற்பவனுக்கு ஒரே வாசல்

(ஒரு நூலக வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும் மாணவர்களுக்கும் வணக்கம்.

மேசையில் புளியங்கொட்டை எதற்கு என்று முன்வரிசையில் கேட்டார்கள். 200 கொட்டை எண்ணிக் கொண்டுவந்திருக்கிறேன். 50 வீதம் நான்கு குவியல். போக்கர் என்ற சீட்டாட்டப் போட்டியில் ஒருவர் தன்னிடம் இருப்பதை எல்லாம் நடுவில் தள்ளி "ஆல்-இன்" என்கிறாரே, அந்தக் கணத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். யாரையும் காசு வைத்து ஆடச் சொல்ல நான் வரவில்லை. இணையத்தில் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடுக்க 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியது. அந்த ஆட்டங்களால் வீடுகள் கடனில் மூழ்கியதைப் பார்த்தவர்கள் நாம். எனக்கு இது கணக்குப் பாடம். நிகழ்தகவு என்பது தேர்வுத்தாளில் நாணயத்தைச் சுண்டுவதோடு முடிந்துவிடுவதாகப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அப்படியில்லை என்று இந்த ஆட்டத்தைப் போல முகத்துக்கு நேராகக் காட்டும் இடம் எனக்கு வேறு கிடைக்கவில்லை.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக வரும். ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாக நடுவில் விழும். இந்த ஏழில் பெரிய ஐந்தைச் சேர்ப்பவருக்கு நடுவில் கிடக்கும் சிப், அதாவது பந்தயமாக வைத்த வில்லைகள், எல்லாம் சொந்தம். போட்டி என்றால், எல்லோரும் ஒரே கட்டணம் கட்டி, ஒரே அளவு சிப்போடு உட்காருவார்கள். சிப் தீர்ந்தவர் எழுந்துவிட வேண்டும். கடைசிவரை தாக்குப்பிடிக்கும் சிலருக்கு மட்டும் பரிசு. உள்ளே இருக்கும்போது சிப்பைக் காசாக மாற்றிக்கொண்டு கிளம்ப முடியாது. கணக்கு மாறுவதே இந்த விதியால்தான்.

இப்போது இந்தக் குவியல்களைப் பாருங்கள். நான்கு பேர் மிஞ்சியிருக்கிறார்கள், ஆளுக்கு 50 கொட்டை. மொத்தப் பரிசு 1000 ரூபாய். முதல்வருக்கு 500, இரண்டாமவருக்கு 300, மூன்றாமவருக்கு 200. நான்காமவருக்கு ஒன்றுமில்லை. எல்லோரும் சமம், ஆகவே ஒவ்வொரு குவியலும் இந்த நிமிடத்தில் 250 ரூபாய் பெறும்.

இடது ஓரத்தில் இருப்பவர் எல்லாவற்றையும் தள்ளிவிட்டார். பக்கத்தில் இருப்பவர் ஏற்று, அதாவது தானும் அதே அளவு வைத்து, ஜெயித்துவிட்டார் என்று வையுங்கள். இதோ, இரண்டு குவியலையும் ஒன்றாக்குகிறேன். 100 கொட்டை. கொட்டை இரட்டிப்பாகிவிட்டது. பணமும் இரட்டிப்பாகி 500 ஆகியிருக்குமா?

ஆகவில்லை. இனி மூன்று பேர். மொத்தக் கொட்டையில் பாதி இவரிடம், ஆகவே இவர் முதலாவது வரும் வாய்ப்பும் பாதி. இரண்டாவது வரும் வாய்ப்பு மூன்றில் ஒன்று. மூன்றாவது வரும் வாய்ப்பு ஆறில் ஒன்று. 500-இல் பாதி 250, 300-இல் மூன்றில் ஒன்று 100, 200-இல் ஆறில் ஒன்று 33. கூட்டினால் 383 ரூபாய். முதலில் வைத்திருந்த 50 கொட்டைக்கு, கொட்டை ஒன்று 5 ரூபாய் பெற்றது. ஜெயித்துச் சேர்த்த 50 கொட்டைக்கு ஒன்று 2 ரூபாய் 67 காசுதான். கையில் இருந்த கொட்டையும் வந்து சேர்ந்த கொட்டையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன, விலை மட்டும் வேறு.

அப்படியானால் மீதி 117 ரூபாய் எங்கே போனது? மோதிய இருவர் கையிலும் சேர்த்து 500 இருந்தது, இப்போது 383 இருக்கிறது. இந்த இரண்டு சின்னக் குவியல்களைப் பாருங்கள். நான் இவற்றைத் தொடவே இல்லை. ஒவ்வொன்றும் 250-இலிருந்து 308-க்கு ஏறிவிட்டது. கை கட்டி உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஆளுக்கு 58 ரூபாய்! இதை முதன்முறை தாளில் போட்டுப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்தக் கணக்கின் வேர் குதிரைப் பந்தயத்தில் இருக்கிறது. எந்தக் குதிரை இரண்டாவது வரும், எது மூன்றாவது வரும் என்று கணிக்க டேவிட் ஹார்வில் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் 1973-இல் ஒரு சூத்திரம் தந்தார். 1987-இல் மேசன் மால்முத் என்ற போக்கர் நூலாசிரியர் அதே வழியில் போக்கர் போட்டியின் சிப்புக்கு விலை போட்டார். இன்று ஆட்டக்காரர்கள் இதை ஐசிஎம் (Independent Chip Model) என்கிறார்கள். இதில் குறை உண்டு. எல்லோரும் சம திறமைசாலிகள் என்று எடுத்துக்கொள்கிறது, யார் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்ப்பதில்லை. ஆனாலும் திசை சரி.

இனி ஏற்கலாமா என்ற கேள்விக்கு வருவோம். ஏற்காவிட்டால் என்னிடம் 250 இருக்கிறது. ஏற்று ஜெயித்தால் 383, தோற்றால் பூஜ்யம். 250-ஐ 383-ஆல் வகுத்தால் 65 சதவீதம் வருகிறது. நூற்றில் 65 தடவைக்கு மேல் ஜெயிப்பேன் என்றால்தான் ஏற்க வேண்டும். சாதாரணக் காசு ஆட்டத்தில் பாதியைத் தாண்டினாலே போதும்.

65 எவ்வளவு உயரமான வேலி என்று பாருங்கள். என்னிடம் ராணி ஜோடி. எதிராளி சீட்டைக் காட்டியே வைக்கிறார்: ஏஸ், ராஜா. நான் முன்னிலையில்தான் இருக்கிறேன், சுமார் 57 சதவீதம். ஆனாலும் இந்த மேசையில் நான் ராணிகளைக் கவிழ்த்துவிட்டு விலக வேண்டும். எதிராளி தன் சீட்டைப் பார்க்காமலே கண்ணை மூடிக்கொண்டு தள்ளுகிறார், என்னிடம் ஏஸும் ராஜாவும் இருக்கின்றன என்றால்? அப்போதும் எனக்குச் சுமார் 65. வேலியின் மேல் நிற்கிறேன், அவ்வளவுதான்.

கல்லூரி விடுதியில் தீக்குச்சி வைத்து ஆடுவோம். முதல் மூவருக்கு ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் செலவில் பிரியாணி. ஒரு நாள் நான்கு பேர் மிஞ்சியிருந்தோம். எதிரே இருந்தவன் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, "என்னடா, பயந்துட்டியா?" என்றான். என்னிடம் பத்து ஜோடி. சீட்டைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. சுற்றி நின்ற பத்துப் பேரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள் என்பது ஒன்றுதான் மனதில் இருந்தது. ஏற்றேன். அவனிடம் ஏஸும் ஜாக்கியும். ஐந்தாவது சீட்டில் ஏஸ் விழுந்தது. ஏஸ் விழுந்ததைத் துரதிர்ஷ்டம் என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏற்றதே முதலுக்கு மோசம் என்பது இந்தக் கணக்கைக் கற்ற பிறகுதான் புரிந்தது. அந்த ஏஸ் விழாமல் இருந்திருந்தாலும் அது தவறுதான்.

ஆனால் அவன் செய்தது தவறா? இங்கேதான் மாணவர்கள் கவனிக்க வேண்டும். தள்ளுகிறவனுக்கு இரண்டு வாசல். மற்றவர்கள் பின்வாங்கினால் நடுவில் கிடப்பது சண்டையில்லாமல் அவனுக்கு. யாராவது ஏற்றால், சீட்டு விழும் விதத்தில் இன்னொரு வாய்ப்பு. ஏற்கிறவனுக்கு ஒரே வாசல், சீட்டு ஜெயிக்க வேண்டும். ஆகவே எந்தச் சீட்டை வைத்துத் தைரியமாகத் தள்ளலாமோ, அதே சீட்டோடு இன்னொருவர் தள்ளியதை ஏற்கக்கூடாத நேரம் நிறைய உண்டு. இதை முரண்பாடு என்று பலர் சண்டைக்கு வருவார்கள். எனக்கு இந்த ஆட்டத்திலேயே அழகான இடம் இதுதான். அவன் நான்கு பேர் மிஞ்சிய நேரத்தைத் தேர்ந்தெடுத்தான், என் பயத்தைக் கணக்கில் வைத்தான். என் ரோஷம்தான் அவன் கணக்கில் இல்லை.

கொட்டை மிகக் குறைந்தவருக்கு இது பொருந்தாது. வட்டத்துக்கு ஒரு முறை கட்டாயமாகப் போடவேண்டிய பிளைண்டே அவரைத் தின்றுவிடும். அவர் காத்திருக்கக் காத்திருக்க, தள்ளினால் யாரும் பயப்பட மாட்டார்கள், முதல் வாசல் மூடிவிடும். அது மூடுவதற்கு முன் தள்ளியாக வேண்டும்.

அதற்காகச் சின்னக் குவியலைக் கேவலமாக நினைக்காதீர்கள். 1982-இல் லாஸ் வேகாஸ் உலகப் போட்டியில் ஜாக் ஸ்ட்ராஸ் எல்லாவற்றையும் இழந்ததாக நினைத்து எழுந்தார், மேசையில் 500 டாலர் சிப் ஒன்று ஒதுங்கிக் கிடந்தது, வாயால் "ஆல்-இன்" என்று சொல்லாததால் தொடர விட்டார்கள் என்பார்கள். அந்த ஆண்டு சாம்பியன் அவர்தான்.

நல்ல சீட்டு இருக்கும்போது மட்டும் வைத்தால் ஆபத்தில்லையே என்று கேட்கலாம். ராஜா ஜோடிக்கு எதிரே ஏஸ் ஜோடி, சுமார் 80 சதவீதம். அப்படிப்பட்ட இடம் மூன்று முறை கிடைத்து மூன்றிலும் முழுசாக வைத்தால், மூன்றையும் கடப்பது 51 சதவீதம். பாதிப் பேர் வெளியே.

கடைசியாக 2003. அதே லாஸ் வேகாஸ், 839 பேர், ஆளுக்கு 10,000 டாலர் கட்டணம். இணையத்தில் சிறு தொகை கட்டித் தகுதி பெற்று வந்த டென்னசி மாநிலக் கணக்கர் கிறிஸ் மணிமேக்கரும், தொழில்முறை ஆட்டக்காரர் சாம் ஃபார்ஹாவும் மிஞ்சினார்கள். முதல் பரிசு 25 லட்சம் டாலர், இரண்டாவது 13 லட்சம். 13 லட்சம் இருவருக்கும் உறுதி. மோதுவது 12 லட்சத்துக்கு மட்டும். இரண்டே பேர் என்றால் நான் இவ்வளவு நேரம் சொன்ன வேலி மறைந்துவிடுகிறது. வேடிக்கை பார்த்து லாபம் அடைய மூன்றாமவர் இல்லை. சிப் இரட்டித்தால் அந்த 12 லட்சத்தில் பங்கும் இரட்டிக்கும்.

நடுவில் இஸ்பேட் 9, டைமன் 2, இஸ்பேட் 6, இஸ்பேட் 8, ஆட்டின் 3. ஃபார்ஹாவிடம் இஸ்பேட் ராணியும் ஆட்டின் 9-உம். ஒன்பது ஜோடி சேர்ந்துவிட்டது. மணிமேக்கரிடம் இஸ்பேட் ராஜாவும் ஆட்டின் 7-உம். இன்னொரு இஸ்பேட் வந்திருந்தால் ஃப்ளஷ், அதாவது ஐந்தும் ஒரே இனம்; ஐந்தோ பத்தோ வந்திருந்தால் வரிசை. ஒன்றும் வரவில்லை, கையில் வெறும் ராஜா. இரண்டாம் வாசல் அடைத்துவிட்டது. மணிமேக்கர் எல்லாவற்றையும் தள்ளினார்.

ஃபார்ஹா வெகுநேரம் பார்த்தார். ஃப்ளஷ் வராமல் போய்விட்டதோ என்று வாய்விட்டே கேட்டார். எதிரே இருந்தவர் அசையவில்லை. ஒரு ஜோடியால் வெறுங்கையையும் தன்னைவிடச் சின்ன ஜோடியையும்தான் ஜெயிக்க முடியும். மேசையில் மூன்று இஸ்பேட், 6, 8, 9 கிடந்தன. முழு உயிரையும் வைத்துப் பொய் சொல்லக்கூடியவரா இந்தக் கணக்கர்? ஃபார்ஹாவுக்கு அதற்கு விடை தெரியவில்லை. ஒன்பதைக் கவிழ்த்தார்.