வங்காள விரிகுடாவின் அடியில் தென்துருவ நீர்

வன்னிவாழ் நேயர்களுக்கு என் அன்பு வணக்கம். முல்லைத்தீவுக் கரையிலிருந்து தொழிலுக்குப் போகிறவர்களுக்கு மேல்நீரோட்டத்தைப் பற்றி நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வாடைக்காற்றுக் காலத்தில் வலை எந்தப் பக்கம் இழுபடும், சோளகத்தில் எந்தப் பக்கம் இழுபடும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு. இன்று நான் பேச எடுத்துக்கொண்டது, மூவாயிரம், நாலாயிரம் மீற்றர் ஆழத்தில் ஒரு கடற்படுகையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் குளிர்நீரைப் பற்றியும், அந்த ஓட்டம் பல பத்தாண்டுகளாக மாறிவருவதை எப்படி அறிகிறார்கள் என்பதைப் பற்றியும் ஆகும்.

வங்காள விரிகுடாவின் அடிநீர் ஒன்று, ஒன்றரைப் பாகை செல்சியஸ் அளவிலேயே இருக்கிறது. வடக்கே ஆசியாக் கண்டம் மறித்து நிற்பதால், இவ்வளவு குளிர்ந்த நீர் இந்தப் பக்கத்தில் உண்டாக வழியில்லை. அது அந்தாட்டிக்காவின் கரையோரத்தில் பிறக்கிறது. அங்கே கடல்நீர் உறையும்போது உப்பின் பெரும்பகுதி பனிக்கட்டியில் அகப்படாமல் வெளித்தள்ளப்பட, எஞ்சிய நீர் உவர்ப்பேறிக் கனத்து, சரிவு வழியே ஆழத்துக்கு இறங்குகிறது. பிறகு அவுஸ்திரேலியாவுக்கு மேற்கால் வடக்கு நோக்கி வந்து, கிழக்கு நெடுங்கோடு 90 பாகையை ஒட்டி நீளும் கடலடி மலைத்தொடரில், தெற்கு அகலக்கோடு 10 பாகைக்கும் 5 பாகைக்கும் அருகிலுள்ள தாழ்வான இடங்களால் மேற்கே வழிந்து, இலங்கைக்குத் தெற்கேயுள்ள படுகைக்குள் புகுகிறது.

இந்தத் தாழ்வான இடங்களிலேதான் விடயம் இருக்கிறது. முத்தையன்கட்டோ இரணைமடுவோ வான் பாயும்போது, எவ்வளவு நீர் போகிறது என்பதை அறியக் குளம் முழுவதையும் அளக்க வேண்டியதில்லை; வான்கட்டுக்கு மேலே நீர் எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்தாற் போதும். கடலடியிலும் ஏறக்குறைய அதே கணக்குத்தான். அங்கே கனத்த குளிர்நீருக்கு மேலே சற்று வெப்பமான, இலேசான நீர் படிந்திருக்கும். மலைத்தொடரின் தாழ்ந்த முகட்டுக்கு மேலே குளிர்நீர் எவ்வளவு தடிப்பாக நிற்கிறதோ, அதற்கேற்பவே அது அடுத்த படுகைக்குள் வழியும். அந்தத் தடிப்புக் குறைந்தால், வழியும் அளவு அதைவிடக் கூடிய விகிதத்தில் குறையும். கிறீன்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் இடையிலுள்ள டென்மார்க் நீரிணையில் செக்கனுக்கு ஏறத்தாழ 30 இலட்சம் கன மீற்றர் குளிர்நீர் இவ்வாறு வழிந்து அத்திலாந்திக்கின் ஆழத்துக்கு இறங்குகிறது.

ஆனால் இப்படியான ஆழத்துத் தாழ்விடங்களில் போய் அளப்பது இலேசான வேலையல்ல. பழைய புகையிரதச் சில்லுகளை நங்கூரமாகக் கட்டி, பல நூறு மீற்றர் நீளமான கம்பிக்கயிற்றில் இடைக்கிடையே வேகமானிகளையும் வெப்பமானிகளையும் பொருத்தி, கயிறு நிமிர்ந்து நிற்பதற்குக் கண்ணாடி மிதவைகளையும் கோத்துக் கடலில் இறக்குவார்கள். ஓராண்டோ ஈராண்டோ கழித்துக் கப்பலிலிருந்து ஒலிச் சைகை அனுப்பினால், கொளுக்கி விடுபட்டு, சில்லுகள் அடியிலே கிடக்க மற்றவை மேலே மிதந்து வரும். வராமற் போவதும் உண்டு.

பசுபிக் சமுத்திரத்தில் சமோவாத் தீவுகளுக்கு அருகேயுள்ள கணவாயில் 1992 முதல் 1994 வரை இப்படி அளந்தபோது, செக்கனுக்கு ஏறத்தாழ 60 இலட்சம் கன மீற்றர் நீர் வடக்கே போனது. 2012, 2013ஆம் ஆண்டுகளில் மீண்டும் அளந்தபோது அது 54 இலட்சமாக இருந்தது. இதைக் கொண்டு ஓட்டம் தளர்ந்துவிட்டது என்று அடித்துச் சொல்ல நான் துணியமாட்டேன்; ஏனெனில் அங்கே ஓட்டம் தன்பாட்டிலேயே அந்த அளவுக்கு ஏறி இறங்கக்கூடியது. அதே கணவாயில் நீரின் வெப்பம் ஆண்டுக்குப் பாகையின் ஆயிரத்தில் ஒரு பங்களவு கூடிவந்திருப்பதையே மாற்றத்துக்குச் சான்றாக நான் கூடுதலாக நம்புகிறேன். தென் அத்திலாந்திக்கின் அடியில் ஆர்ஜென்டீனாப் படுகையையும் பிறேசிற் படுகையையும் இணைக்கும் வேமாக் கால்வாய் என்ற கடலடிப் பள்ளத்திலும் 1970களிலிருந்து அடிநீர் சிறுகச் சிறுக வெப்பமேறியே வருகிறது. சமுத்திரத்துக்குச் சமுத்திரம் ஒரே திசையில் மாற்றம் தெரிவதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது.

காரணத்தைத் தேடினால் மீண்டும் அந்தாட்டிக்காவுக்கே போக வேண்டியிருக்கிறது. மேற்கு அந்தாட்டிக்காவின் பனி உருகிச் சேரும் நன்னீர், அந்தாட்டிக்காவை ஒட்டிய ரோஸ் கடலின் உவர்ப்பைக் குறைத்துவிடுகிறது. உவர்ப்புக் குறைந்த நீர் முன்போலக் கனத்து இறங்குவதில்லை. அவுஸ்திரேலியாவுக்குத் தெற்கேயுள்ள படுகையில் 1994க்கும் 2009க்கும் இடையில் அடிநீரின் சுழற்சி ஏறத்தாழ 28 சதவீதம் தளர்ந்ததாகக் கணித்திருக்கிறார்கள். பிறகு ரோஸ் கடலில் உவர்ப்புக் கூடியபோது அது ஓரளவு மீண்டது. செய்தித் தலைப்புகளில் இந்தப் பிற்பாதி பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

இன்னும் பின்னோக்கிப் பார்ப்பதற்குக் கடலடிச் சேறு இருக்கிறது. அதில் புதைந்துள்ள மணற்துணிக்கை அளவேயான ஓட்டுயிரிகளில், அவை வாழ்ந்த நீர் எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டும் காபன் வகைகளைப் பிரித்துப் பார்த்தே, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், அத்திலாந்திக்கின் ஆழத்தைத் தென்துருவ நீர் இன்றைவிடக் கூடுதலாக நிறைத்திருந்தது என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் முடிவுசெய்தார்கள்.

கடலில் தாமாகவே இறங்கி ஏறி நீரை அளக்கும் வழக்கமான ஆர்கோ மிதவைகள் 2,000 மீற்றர் ஆழம் வரையே இறங்கும். இப்போது சில படுகைகளில் 6,000 மீற்றர் வரை இறங்கும் மிதவைகளையும் விட்டிருக்கிறார்கள். அவை குளிர்நீரின் தடிப்பை ஆள் போகாமலே அறியத் தருகின்றன. ஆனால் முகட்டைத் தாண்டி எவ்வளவு நீர் ஓடுகிறது என்று நேரே அறிய வேண்டுமானால், கப்பலிலே போய், முன்பு அளந்த அதே கணவாயில் கம்பிக்கயிற்றை மீண்டும் இறக்கத்தான் வேண்டும். வணக்கம்.